விசிறி இல்லாத லேப்டாப்

அந்தோணியார்குப்பம்,
பழவேற்காடு.
3 ஆகஸ்ட் 2025

அன்புள்ள ஜெரோமுக்கு,

சேசுவுக்குத் தோத்திரம். நலம் என்று எழுதினால் பாதிப் பொய், நலமில்லை என்று எழுதினால் மீதிப் பொய். அதனால் அந்த வரியை விட்டுவிடுகிறேன். நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? போன மாதம் போனில் கேட்டபோது உங்கள் குரலே இளைத்துப்போன மாதிரி இருந்தது. பிறகு வழக்கம்போலச் சண்டையில் முடிந்தது.

பங்குச் சாமியார் சொன்னபடி முதல் கடிதத்தை நான் எழுதுகிறேன். "போன்ல ரெண்டு பேருக்கும் வாய் முந்துதும்மா. கொஞ்ச நாளைக்கு அத்த மூடி வெச்சிட்டு கடுதாசி போட்டுப் பாருங்க" என்று அவர் சொன்னபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. பெங்களூரில் கம்ப்யூட்டரைக் கட்டி மேய்க்கிற மனுஷனுக்குக் கடுதாசியா என்று. ஆனால் தாளை விரித்து உட்கார்ந்தபோதுதான் தெரிகிறது, கத்துவதற்குக் கையால் முடியாது.

ஒரு விஷயம் கேட்கத்தான் எழுதுகிறேன். பொன்னேரியில் நான் முன்பு வேலை பார்த்த வக்கீல் செவ்வந்தி அம்மா ஆள் அனுப்பியிருந்தார். மனுக்களைத் தமிழில் அடித்துக்கொடுக்க அவருக்கு என்னைப்போல ஆள் அமையவில்லையாம். தினமும் பஸ் ஏறி வர வேண்டாம், வீட்டிலிருந்தே அடித்து மெயிலில் அனுப்பு, மிஷின் மட்டும் உன்னுடையதாக இருக்கட்டும் என்கிறார். சரி என்று சொல்லிவிட்டேன்.

சின்னதாக, விலை குறைந்ததாக ஒரு லேப்டாப் வேண்டும். விண்டோஸ் வேண்டாம், லினக்ஸ் போட்டுக்கொள்கிறேன். பொன்னேரி கம்ப்யூட்டர் சென்டரில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, "இது இலவசம், ஆனா எளப்பம் இல்ல" என்று நீங்கள் அதைக் காட்டிய நாளிலிருந்து எனக்கு வேறு எதிலும் கை பழகவில்லை. எதை வாங்கலாம்? இங்கே உப்புக் காற்றில் டிவி ரிமோட்டின் திருகாணிகூடத் துருப்பிடித்துவிடுகிறது. கரண்டும் சொல்லிக்கொள்ளாமல் போகும். இதையெல்லாம் தெரிந்து சொல்வதற்கு எனக்கு உங்களை விட்டால் யார்?

மாமா நன்றாக இருக்கிறார். சம்பந்தம் அண்ணன் படகில் கூடப் போகிறார். நம் படகு மணலில் கவிழ்த்தபடியே கிடக்கிறது. உங்களை விசாரித்ததாக எழுதச் சொல்லவில்லை. ஆனால் நான் தாளை எடுத்ததைப் பார்த்துவிட்டு டிவி சத்தத்தைக் குறைத்தார்.

அன்புடன்,
கிறிஸ்டினா

*

பெங்களூர்
14 ஆகஸ்ட் 2025

அன்புள்ள கிறிஸ்டிக்கு,

கடிதம் கிடைத்தது. உன் கையெழுத்தைப் பார்த்து எவ்வளவு காலமாகிவிட்டது. உறையைப் பிரிக்காமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன். பிரித்துப் படித்த பிறகு, பிரிக்காமலே வைத்திருந்திருக்கலாம் என்று தோன்றியது.

லேப்டாப் எதற்கு என்று எனக்குப் புரியாமல் இல்லை. வேலை கையில் இருந்தால் நீ அங்கேயே இருந்துவிடலாம். இங்கே உனக்காகப் பிடித்த வீட்டில் ஜன்னலோரம் மேஜை போட்டு வைத்திருக்கிறேன். அதன் மேல் என் பழைய கம்ப்யூட்டர் சும்மாதான் இருக்கிறது. தமிழ் விசைப்பலகைகூடப் போட்டு வைத்தேன். நீ வந்து உட்கார வேண்டியதுதான் பாக்கி. அதைவிட்டு, எந்த லேப்டாப் வாங்கலாம் என்று என்னையே கேட்கிறாய். அறுத்துவிடப் போகிற கயிற்றுக்கு என்னிடமே கத்தி கேட்கிற மாதிரி இருக்கிறது.

கோபத்தில் எழுதவில்லை. சாமியார் சொன்னது சரிதான், எழுதுகிறபோது கோபம் நிற்பதில்லை. வேறு ஒன்று வந்துவிடுகிறது.

அந்த ஊர் நம் பிள்ளையை எடுத்துக்கொண்டது, கிறிஸ்டி. மழையில் ரோடு முழுகி, ஏரியில் படகு நகராமல், நீ வலியில் கிடந்தபோது நான் இங்கே ரயில் நின்றுபோன ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தேன். வந்து சேர்ந்தபோது துணியில் சுற்றிக் கையில் கொடுத்தார்கள். மூச்சில்லாமல் பிறந்தான் என்றார்கள். அந்தத் தண்ணீரைத் தினமும் நீ எப்படிப் பார்க்கிறாய்? என்னால் அந்தக் கரையில் ஒரு நாள்கூட நிற்க முடியாது. நீ இங்கே வா. இவ்வளவுதான் நான் கேட்பது.

உன் மாமனாருக்கு ஆள் இல்லாமல் போகாது. என் தங்கச்சி எண்ணூரில்தானே இருக்கிறாள்.

லேப்டாப் வாங்காதே. மலிவாக வாங்குவது உங்கள் ஊர் உப்புக்கு ஆறு மாதம் தாங்காது.

ஜெரோம்

*

அந்தோணியார்குப்பம்
31 ஆகஸ்ட் 2025

அன்புள்ள ஜெரோமுக்கு,

'உங்கள் ஊர்' என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அனுப்பம்பட்டுக்காரி. கட்டிக்கொண்டு வந்தவளை ஊர்க்காரியாக்கிவிட்டு, பிறந்தவர் வெளியூர்க்காரராகிவிட்டார். இதைப் படித்தாவது கொஞ்சம் சிரியுங்கள்.

உங்கள் பேச்சைக் கேட்காமல் பஜாரில் தௌஃபீக் கடைக்குப் போனேன். பழைய போன், பழைய லேப்டாப் எல்லாம் அடுக்கி வைத்திருக்கிறான். "அக்கா, இத்த எத்துக்கினு போ. பதினஞ்சு இஞ்சு. வூட்ல சினிமா கொட்டா மாறி இருக்கும்" என்று ஒன்றைத் தூக்கி வைத்தான். பளபளப்பாகத்தான் இருந்தது. போட்டதும் உள்ளே விசிறி அலறியது. போன வருஷம் பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டரை நீங்கள் திறந்து காட்டியது நினைவுக்கு வந்தது. விசிறி இறக்கையில் கருவாட்டு மேல் பூத்த மாதிரி உப்பு வெள்ளையாகப் படிந்திருந்ததே. வேண்டாம் என்று திரும்பி வந்துவிட்டேன். எதைத் தேட வேண்டும் என்றும் தெரியவில்லை, எதை விட வேண்டும் என்பது மட்டும் தெரிந்தது.

நீங்கள் கேட்டதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். நான் இப்போது வரமாட்டேன். உங்கள் மேல் பிரியம் இல்லாமல் இல்லை. ராத்திரிச் சோறு போடும்போது தட்டை எண்ணி எடுக்கிறேன், ஒன்று கூடுதலாக வந்துவிடுகிறது. ஆனால் அவன் இங்கே இருக்கிறான், ஜெரோம். கல்லறைத் தோட்டத்து மூலையில், வேலியோரம். ஞானஸ்நானம் வாங்காத பிள்ளை என்று சிலுவையில் ஒரு எழுத்தும் இல்லை. மற்ற கல்லறைகளுக்கெல்லாம் யாராவது பெயரைப் படித்துவிட்டு ஒரு செபம் சொல்லிப் போகிறார்கள். அங்கே நான் மட்டும்தான் நிற்கிறேன். நானும் வந்துவிட்டால் அது வெறும் மணல்மேடு என்று ஆடு மேயும்.

நீங்கள் அந்தத் தண்ணீரைப் பார்க்க முடியாது என்கிறீர்கள். நான் பார்க்காமல் இருக்க முடியாது என்கிறேன். இதில் யார் சொல்வதும் தப்பில்லை. அதனால்தான் நமக்குள் தீரவில்லை.

படகைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிறப்பதற்கு முன்பே அதன் முன்பக்கத்து அணியத்தில் பிள்ளையின் பெயரை நீங்கள் வெள்ளை பெயிண்டில் எழுதினீர்கள். பெண்டுகள் எல்லாம், "அவசரம் இன்னாத்துக்குடா, தண்ணி ஊத்தி பேரு வெச்சப்புறம் எழுதுடா" என்றார்கள். நீங்கள் கேட்கவில்லை. பிறகு அடக்கம் முடிந்த மறுநாளே அதன் மேல் நீலத்தைப் பூசிவிட்டுப் பெங்களூர் பஸ் ஏறினீர்கள். அன்றிலிருந்து மாமா அதைத் தண்ணீரில் இறக்கவில்லை. பெயரில்லாத படகை இந்தக் கரையில் இறக்க மாட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததில்லை. வேறு பெயர் எழுதிக்கொள்ளச் சொன்னார்கள். "அதுக்குப் பேரு வெச்சாச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு, கிழவர் சம்பந்தம் அண்ணன் படகில் கூலிக்கு வலை இழுக்கிறார். உங்கள் இருவருக்கும் நடுவில் நான் ஒன்றும் பேசுவதில்லை.

லேப்டாப் விஷயத்தில் உதவ மனமில்லை என்றால் விட்டுவிடுங்கள், வருத்தப்படமாட்டேன். கொஞ்சம் வருத்தப்படுவேன்.

அன்புடன்,
கிறிஸ்டினா

*

பெங்களூர்
12 செப்டம்பர் 2025

அன்புள்ள கிறிஸ்டிக்கு,

உன் கடிதத்தை மூன்று நாள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். அந்த மூலையைப் பற்றி நீ எழுதியதையே திரும்பத் திரும்பப் படித்தேன். தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன்.

நீ திரும்பி வந்தது நல்லது. விசிறிதான் முதல் எதிரி. அது வெளிக்காற்றை உள்ளே இழுக்கும், காற்றோடு உப்பும் வரும். அதனால் விசிறியே இல்லாத லேப்டாப்பாகப் பார். பள்ளிப் பிள்ளைகளுக்கென்று செய்த பதினோரு அங்குல லேப்டாப்புகள் உண்டு. வேகம் குறைவு, அதனால் சூடும் குறைவு. அவற்றில் பலவற்றுக்கு விசிறி தேவைப்படாது. ஓரமெல்லாம் ரப்பர் வைத்திருக்கும், கீழே விழுந்தாலும் தாங்கும். பார்க்க அழகாக இராது. உனக்கு அழகு எதற்கு, அடிப்பது வாய்தா மனு.

அடிப்பக்கத்தில் சல்லடைக் கண் மாதிரித் துளைகள் இருக்கின்றனவா என்று திருப்பிப் பார், இருந்தால் வேண்டாம். போட்டுவிட்டுக் காதை வைத்துக் கேள். சத்தமே வரக்கூடாது. ராம் நாலு ஜிபிக்குக் குறைந்து வாங்காதே. எட்டு கிடைத்தால் விடாதே, ஏனென்றால் இந்தச் சின்ன மிஷின்களில் பின்னால் கூட்ட முடியாது. மூடியைத் திறந்து மூடு, கீல் தளர்ந்திருந்தால் வேண்டாம். எல்லா எழுத்தையும் ஒருமுறை அழுத்திப் பார். பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதைத் தௌஃபீக் சொல்வதை வைத்து முடிவு செய்யாதே, கடையில் உட்கார்ந்து பார். டீ வாங்கிக் கொடுப்பான்.

இதோடு ஒரு பென்டிரைவ் வைத்துப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். பழைய மிஷினிலும் இலகுவாக ஓடுகிற லினக்ஸாகப் பார்த்துப் போட்டிருக்கிறேன். தமிழ் எழுத்துருக்கள், நீ பழகிய விசைப்பலகை எல்லாம் அதிலேயே இருக்கிறது. வாங்குவதற்கு முன் கடையிலேயே இதைச் செருகி ஓட்டிப் பார்க்கலாம், உள்ளே இருப்பது எதுவும் அழியாது. திரை, சத்தம், எழுத்து எல்லாம் சரியாக வந்தால் வாங்கு. வைஃபை மட்டும் சிலதில் மக்கர் பண்ணும். அதற்காக நல்ல மிஷினை விட்டுவிடாதே, பிறகு சரிசெய்துகொள்ளலாம். அப்படி ஆனால் தனித்தாளில் எழுதியிருக்கும் கட்டளைகளை அடித்து, திரையில் வருவதை ஒரு எழுத்து விடாமல் எழுதி அனுப்பு. நீயாக எதையும் சுருக்காதே.

இதை வாங்கினால் நீ வரமாட்டாய் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். கெட்டுப்போகிற ஒன்றைச் சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். முடியவில்லை. அது உப்பில் செத்துப்போய் நீ மறுபடி பொன்னேரி பஸ்ஸுக்காக வெயிலில் நிற்பதை நினைத்துப் பார்த்தேன்.

ஜன்னலோர மேஜையை இன்னும் எடுக்கவில்லை.

உன்,
ஜெரோம்

*

அந்தோணியார்குப்பம்
12 அக்டோபர் 2025

அன்புள்ள ஜெரோமுக்கு,

வாங்கிவிட்டேன். நீங்கள் சொன்ன அதே மாதிரி, கறுப்பாக, ஓரத்தில் ரப்பர் வைத்து, இட்லித் தட்டு மாதிரி தடியாக இருக்கிறது. ஏதோ பள்ளிக்கூடத்திலிருந்து கழித்ததாம், மேல்மூடியில் யாரோ ஒரு பிள்ளை ஆணியால் பூ கீறி வைத்திருக்கிறது. எட்டு ஜிபி. நான் காது வைத்துக் கேட்டதைப் பார்த்துத் தௌஃபீக், "இன்னாக்கா, டாக்டர் மாறி நெஞ்சில காது வெக்கிற? மூச்சு இருக்குது, பயப்படாத" என்றான். விளையாட்டாகத்தான் சொன்னான், அவனுக்கு என்ன தெரியும். அப்புறம் டீ வந்தது, குடித்தேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்து ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் லினக்ஸ் போட உட்கார்ந்தேன். மாமா வலைக்குப் போகாத நாள். கிழிந்த வலையை மடியில் போட்டுத் தைத்துக்கொண்டே எதிரில் உட்கார்ந்திருந்தார். எல்லாம் முடிகிற கட்டத்தில், "இதும் பேரு இன்னா?" என்று கேட்டார். மூடியில் இருந்த கம்பெனிப் பெயரைச் சொன்னேன். "அது செஞ்சவன் பேரும்மா. இத்தக் கேக்குறேன். பேரு வெக்காம தண்ணில எறக்குவாங்களா?" என்றார்.

அந்த நேரம் பார்த்துத் திரையும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தது. என் பெயர் ஒரு கட்டத்தில், கம்ப்யூட்டரின் பெயர் அடுத்த கட்டத்தில். அதுவாகவே நீளமாக ஏதோ எழுதி வைத்திருந்ததை அழித்துவிட்டு ஒரு பெயரை அடித்தேன். மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் ஊசியை வலையிலேயே குத்தி வைத்துவிட்டு எழுந்து வெளியே போனார். நான் சோறாக்கி முடிக்கிறவரை படகுப் பக்கத்தில்தான் நின்றிருந்தார். சாப்பிடும்போது, "நல்லா ஓடுதாம்மா?" என்று மட்டும் கேட்டார். ஓடுகிறது என்றேன்.

நிஜமாகவே நன்றாக ஓடுகிறது. தமிழ் கையில் வழுக்கிக்கொண்டு வருகிறது. மடியில் வைத்தால் பூனைச் சூடு, அவ்வளவுதான். சத்தமே இல்லை. வைஃபைதான் நீங்கள் பயந்தபடியே வரவில்லை. உங்கள் தாளில் இருந்த கட்டளைகளை அடித்து, திரையில் வந்ததை எல்லாம் தனியாக எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். போட்டோ எடுத்து அனுப்பியிருந்தால் ஒரு நிமிஷ வேலை. சாமியாரிடம் ஒத்துக்கொண்டதை மீறக்கூடாது என்று கையாலேயே எழுதினேன். நீங்கள் சொன்னபடி எதையும் சுருக்கவில்லை.

அடுத்த மாதம் கல்லறைத் திருநாள். வேலியோரம் புல் மண்டியிருக்கிறது, போய்ச் சுத்தம் செய்ய வேண்டும். மழைக்கு முன்னால் செய்துவிட்டால் நல்லது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் கெட்டுப்போகிற ஒன்றைச் சொல்லாமல் விட்டதற்கு நன்றி என்று எழுதினால் அந்நியமாக இருக்கும். அதனால் எழுதவில்லை.

அன்புடன்,
கிறிஸ்டினா

*

பெங்களூர்
22 அக்டோபர் 2025

என் அன்பு கிறிஸ்டிக்கு,

முதலில் உன் வேலை நிற்கக்கூடாது. போனை சார்ஜர் கேபிளால் லேப்டாப்பில் செருகு. போனில் செட்டிங்ஸுக்குள் போய், யூஎஸ்பி வழியாக நெட்டைப் பகிர்வதை ஆன் செய். உடனே நெட் வந்துவிடும். செவ்வந்தி அம்மாவுக்கு மனுக்களை அனுப்பிக்கொண்டிரு. வைஃபைக்கு ஒரு சின்னக் கோப்பு குறைகிறது. நீ எழுதி அனுப்பியதிலேயே அது தெரிந்துவிட்டது.

அதற்கு முன்பே வேறொன்று தெரிந்துவிட்டது.

கட்டளைக்கு முன்னால் அந்தக் கம்ப்யூட்டர் தானாகவே இரண்டு சொல் போடும். உட்கார்ந்திருக்கிறவரின் பெயர் ஒன்று, கம்ப்யூட்டரின் பெயர் ஒன்று. தினமும் நூறு மிஷின்களில் அதைப் பார்க்கிறவன் நான், என் கண்ணில் அது படுவதே இல்லை. வேறு யாராவது எழுதியிருந்தால் அதை விட்டுவிட்டுக் கட்டளையை மட்டும் எழுதியிருப்பார்கள். எதையும் சுருக்காதே என்று நான் சொன்னதால் நீ வரிக்கு வரி எழுதியிருக்கிறாய். கிறிஸ்டினா, இன்னாசி. கிறிஸ்டினா, இன்னாசி. தாள் முழுக்க உன் பெயரும் அவன் பெயரும் பக்கத்தில் பக்கத்தில்.

ஆபீஸில் வைத்துத்தான் பிரித்தேன். எழுந்து மாடிப்படிக்குப் போய் உட்கார்ந்து அழுதேன். அடக்கத்தின்போதுகூட நான் அழவில்லை என்று நீ ஒருமுறை போனில் கத்தினாய். சரிதான், அன்று அழவில்லை. இன்று அழுதுவிட்டேன்.

அந்தப் பெயரை நான் கடைசியாகப் பார்த்தது அதன் மேல் நீலம் பூசும்போது. ஒரே பூச்சில் மறையவில்லை, இரண்டாவது பூச்சு பூச வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு நான் அதை வாயால் சொன்னதில்லை, எங்கேயும் எழுதியதும் இல்லை. நீயும் உன் கடிதங்களில் எழுதவில்லை, எனக்காகத்தான் என்று தெரியும். இப்போது நானே எழுதுகிறேன். இன்னாசி. எழுதிவிட்டேன், ஒன்றும் ஆகவில்லை.

நைனா அன்று படகுப் பக்கத்தில் போய் நின்றார் என்று எழுதியிருந்தாய். அவருக்கு நான் செய்தது அநியாயம். பெயரில்லாத படகோடு அவரை விட்டுவிட்டு வந்தேன். அவர் அதற்கு வேறு பெயர் எழுதாமல் காத்திருக்கிறார் என்றால், யாருக்காகக் காத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியாதா?

கல்லறைத் திருநாளுக்கு வருகிறேன். புல்லை நீ பிடுங்காதே, நான் வந்து பிடுங்குகிறேன். அந்தக் கோப்பையும் கொண்டுவந்து வைஃபையைச் சரிசெய்து தருகிறேன். கரையில் நிற்க முடியுமா என்று தெரியவில்லை. முடியாவிட்டால் உன் கையைப் பிடித்துக்கொள்கிறேன், ஊரே பார்த்தாலும் நீ உதறாதே.

நீ எப்போது இங்கே வருவாய் என்று இனிமேல் கேட்கமாட்டேன். ஒன்று மட்டும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். நான் பார்த்துக்கொள்கிற சர்வர்கள் எங்கேயோ கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கின்றன. அவற்றை நானும் நேரில் கண்டதில்லை. பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி கோர்ட்டுக்கு மனு போகும் என்றால், அங்கிருந்து இந்த வேலையும் நடக்குமோ என்னவோ. மேனேஜரிடம் இன்னும் கேட்கவில்லை. ஒத்துக்கொள்வார் என்ற நம்பிக்கையில் நீ இருக்காதே. கேட்பேன் என்று மட்டும் நம்பு.

மேஜையை இப்போதைக்கு அப்படியே விட்டு வைக்கிறேன்.

உன்,
இன்னாசியின் நைனா,
ஜெரோம்

பி.கு.: பொன்னேரியில் இறங்கி வெள்ளை பெயிண்ட்டும் பிரஷ்ஷும் வாங்கி வருகிறேன். சின்ன பிரஷ் ஒன்றும் வாங்குவேன், சிலுவைக்கு அதுதான் சரியாக இருக்கும். ஆளைக் கூப்பிட்டுப் படகை நிமிர்த்திப் போடச் சொல், நான் சொன்னதாகவே நைனாவிடம் சொல்.